வெயில் புகாத தாள்

ஏப்ரல் 3

லீவுக்குப் பேத்தி எங்கே தங்குவாள் என்று இன்றும் முடிவாகவில்லை. மருமகள் தன் அம்மா வீட்டையே சொல்கிறாள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கிற வீடு அது. பகலிலேயே விளக்குப் போட வேண்டும். என் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன வெளிச்சம்!" என்பார்கள். அந்த வெளிச்சம்தான் இப்போது எனக்கு எதிரி. என் பேத்தி ராசாத்திக்கு வெயில் ஆகாது.

ஏப்ரல் 5

மகனை உட்கார வைத்து, அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுடா என்றேன்.

"வெயில் பட்டா எல்லாருக்கும் தோல் செல்லுக்குள்ள டி.என்.ஏ. பழுதாகும்மா. அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு, சரியா நிரப்புற என்சைம்கள் நமக்கு இருக்கு. அவளுக்கு அதுல ஒண்ணு வேலை செய்யல. பழுது அப்படியே தங்கிடும்."

தங்கினால் புற்றுநோய் வரை போகுமாம். ஆறு வயசுப் பிள்ளைக்கு! ஜன்னல் வழியாக வருகிற வெயில்கூட ஆகாதாம்.

"உன் பொண்டாட்டி பக்கத்துல இருந்து வந்ததுதானே?"

"என்கிட்ட ஒரு பழுது, அவகிட்ட ஒரு பழுது. ரெண்டும் சேர்ந்தாதான் வரும். பாதி நம்ம பக்கம்மா."

அந்தப் பாதி என்னிடமிருந்தா, அவன் அப்பாவிடமிருந்தா? போன மனிதரை எழுப்பியா கேட்பது? அவரிடமிருந்துதான் என்று வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 6

சம்பந்தியம்மா பிள்ளையை 'ஆந்தைக்குட்டி' என்று கூப்பிடுகிறாளாம், இருட்டிய பிறகு வெளியே விளையாடுவதால். தங்கம் மாதிரி பிள்ளையை ஆந்தை என்று சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ. பிள்ளை அதற்குச் சிரிக்கிறதாம். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 10

ஜெயித்தேன்! லீவுக்கு இங்கேதான். இருட்டியதும் மொட்டை மாடியில் ஓடலாம் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். நான் கண் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் இருந்தபோதே மகன் ஆள் வைத்து ஜன்னல் வேலையை முடித்துவிட்டான். "ஜன்னலெல்லாம் ரெடிம்மா" என்று போனில் சொன்னான்.

ஏப்ரல் 11

ரெடியாம்! புதுக் கண்ணாடி போட்டிருக்கிறான் போல. கடைக்காரன் ஒட்டி அனுப்பிய தாளைக்கூட உரிக்கவில்லை. ஓரமெல்லாம் கொப்புளம். நகத்தால் கிளப்பினேன், நீளமாக வந்தது. இப்போது எல்லா ஜன்னலும் பளபள. சம்பந்தியம்மா வந்து பார்க்கட்டும்.

ஏப்ரல் 13

என்ன காரியம் செய்துவிட்டேன்.

நேற்று இருட்டிய பிறகு வந்தார்கள். பிள்ளை ஜன்னல் இல்லாத உள்ளறையில் தூங்கியது, நல்லவேளை. விடிந்ததும் மகன், வெயிலின் வீரியத்தை அளக்கிற ஒரு சின்ன மீட்டரை ஹால் ஜன்னலருகே நீட்டினான். எண் ஏறிக்கொண்டே போனது.

"அம்மா, பிலிமை யாரு உரிச்சா?"

அந்தத் தாள்தான் வெயிலில் பிள்ளைக்கு ஆகாததைத் தடுக்கிறதாம். சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா அவன்? கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா நான்?

மருமகள் பிள்ளையைப் பகல் முழுக்க உள்ளறையிலேயே வைத்திருந்து, இருட்டியதும் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். "பாட்டி, மாடிக்குப் போகலையா?" என்று கேட்டுக்கொண்டே படி இறங்கியது பிள்ளை.

ஏப்ரல் 16

சம்பந்தி வீட்டில் ஒரே சிரிப்பாக இருக்கும். சிரிக்கட்டும்.

ஏப்ரல் 18

கதவைத் திறந்தால் சம்பந்தியம்மா! கக்கத்தில் சுருட்டிய புதுத் தாள்.

"ஒரு வாளித் தண்ணில சோப்புக் கரைச்சுக் குடுங்க சம்பந்தி."

தெளித்தாள், ஒட்டினாள், ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. ஒரு கொப்புளம் இல்லை. அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

"நீங்க எதுக்கு வந்து கஷ்டப்படணும்?" என்றேன்.

"பின்ன என்ன பண்ண? மாடிப் பாட்டி, மாடிப் பாட்டின்னு என் காதைத் தின்னுடுச்சு. என் வீட்ல வானம் எங்க தெரியுது? எனக்கு மட்டும் வயிறு எரியாதா?"

"எரிஞ்சுதா?"

"எரியாம? அந்த ஓரத்தை நல்லாப் பிடிங்க. உரிச்சிடாதீங்க."

சிரித்துவிட்டோம். நான் கொஞ்சம் தாமதமாகத்தான்.

ஏப்ரல் 22

மருமகள் ஒவ்வொரு ஜன்னலிலும் மீட்டரை வைத்துப் பார்த்தாள். பிறகு நானும் வாங்கிப் பார்த்தேன். ஏறவில்லை.

இருட்டியதும் ஆந்தைக்குட்டி மாடி முழுக்க ஓடியது. நடுவில் நின்று, "அந்தப் பாட்டியையும் வரச் சொல்லு" என்றது. போன் போட்டேன். நாளை வருகிறாராம். போனை வைத்ததும் வயிறு லேசாக எரிந்தது.

பழக்கம்.