ஒலிப்பதிவில் நின்ற மூச்சு

அன்பு மகள் செலினுக்கு, லூயிஸ்டனிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். உனக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டதே, கால் வீக்கம் வடிந்ததா? இங்கே ஏப்ரலிலும் பனி விட்டபாடில்லை, அப்பா முணுமுணுத்துக்கொண்டே வாசலில் தள்ளுகிறார்.

பக்கத்து மாநிலத்தில் சம்பளத்தோடு கூடிய குடும்ப விடுப்புச் சட்டத்துக்காகப் பாடுபடும் ட்ரூடி, நம் சங்கத்திடம் உதவி கேட்டாள். நம் மாநிலத்தில் அந்தச் சட்டம் வருமுன் சட்டசபைக் குழுவிடம் ஜனங்கள் பேசிய ஒலிப்பதிவுகள் வேண்டுமாம். அவற்றைக் கேட்டுப் பொறுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒன்று, ஓடெட் என்ற பள்ளிச் சமையல்காரி தொலைபேசியில் பேசியது. கணவர் லூசியனுக்கு நுரையீரல் புற்று. விடுப்பு தீர்ந்து வேலையும் போய், அவர் கட்டிலருகே உட்கார்ந்தே பேசியிருக்கிறாள். மொத்தம் மூன்று நிமிடம். அவள் குரலுக்குப் பின்னால் அவர் மூச்சு, முடிவில் சின்ன விசிலோடு. இரண்டு நிமிடம் தாண்டி ஒரு விசில் வந்தது, அடுத்த மூச்சு வரவில்லை. அவள் குரல் பிசகாமல் பேசி, நன்றி சொல்லி முடிக்கிறாள். திரும்பத் திரும்பப் போட்டேன், இந்தத் தடவை வந்துவிடும் என்பதுபோல.

அவளுக்குத் தெரியாமல் அனுப்ப மனம் வராமல் நேரில் போனேன். நான் ஆரம்பிக்குமுன் அவளே, "மூச்சு நின்னதுதானே? எனக்கு அப்பவே தெரியுங்க. அவரு கை என் கையிலதான இருந்துச்சு. ஃபோன வெச்சா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாங்க. பாதியில விட்றாதன்னு காலையிலேயே சொல்லியிருந்தாரு. அனுப்புங்க, ஆனா அந்த இடத்த மட்டும் வெட்டிராதீங்க" என்றாள்.

போன செவ்வாய் ட்ரூடியின் மாநிலச் சட்டசபைக் குழு முன் விசாரணை. ஓடெட்டும் என்னோடு வந்தாள். பதிவு ஓடும்போது பின்னால் யாரோ மிட்டாய்க் காகிதம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு நிற்க ஒரு நொடி இருக்கையில் அவள் என் காதருகே, தூங்குகிறவரை எழுப்பிவிடாத குரலில், "இப்ப" என்றாள். நின்றது. காகிதச் சத்தமும் நின்றது. மசோதா ஒரே ஓட்டு வித்தியாசத்தில் குழுவைத் தாண்டியது. காரில் திரும்பும்போது, நான் ஏதோ பேச வாயெடுத்தேன், பக்கத்தில் இருந்த ஓடெட் கையைக் காட்டி நிறுத்தி, பின்சீட்டுப் பக்கம் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டே வந்தாள். வீடு வரும்வரை நான் அந்தக் காலிப் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நீ இருக்கும் அலாஸ்காவில் இந்தச் சட்டம் இல்லை. பிரசவ விடுப்பை ஆபீசில் இப்போதே எழுத்தில் வாங்கிவிடு, வாய்வார்த்தையை நம்பாதே. நீயும் குழந்தையும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து, தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
மார்கரீட்