முன் சக்கரத்துப் பூட்டு

மண்டபத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் பாரதிப்ரியா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்படி எழுதாவிட்டால் தபால்காரர் கடிதத்தை வாங்க மாட்டார் என்று நினைக்கிறேன், அதனால் எழுதிவிட்டேன். அந்த இல்லத்தில் ஃபோன் தர மாட்டார்களாம், கடிதம்தானாம். பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதியதோடு நான் பேனா பிடிப்பதை நிறுத்திவிட்டேன். இப்போது விடுப்பில் இருப்பது நீங்கள், விண்ணப்பம் எழுதுவது நான்.

போன வாரம் அங்கிருந்து தெட்சிணாமூர்த்தி சார் அம்மாவிடம் பேசினார். உங்களுக்குக் கை நடுக்கம் நின்றுவிட்டதாம், ராத்திரி தூங்குகிறீர்களாம், குடியை மறக்க வந்தவர்களில் நீங்கள்தான் ஒழுங்காம். அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். ஆனால் வண்டிச் சாவியை உங்கள் கையில் கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் கலந்து பேசி, புறப்படும் முன்பே உங்களுக்கு எழுதிவிட வேண்டுமாம். வந்து வாசலில் நின்று சண்டை போடக்கூடாதாம். அம்மா ஃபோனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். எனக்கு எழுத ஒண்ணுமில்ல, நீயே எழுது என்றாள். நாங்கள் கலந்து பேசியது அவ்வளவுதான்.

அம்மாவுக்குக் கைக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. இடது கையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் முழுசாக மடங்கவில்லை. கூடை தூக்க முடியாது, அதனால் மீன் விற்கப் போவதில்லை. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீங்கள் கம்பத்தில் மோதிய அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அவள் பேசுவதும் இல்லை.

உங்களை இல்லத்து வேனில் ஏற்றியபோது நான் வேன் நம்பரைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இன்னும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்துப் பார்ப்போமே, வேறு யாருடைய உதடோ மாதிரி இருக்குமே. எனக்கு இப்போது முழு ஆளும் அப்படித்தான் இருக்கிறது. காலேஜில் ஏன்டி இப்பல்லாம் சேட்டையே பண்றதில்ல என்று கேட்கிறார்கள். சேட்டை அரியர் வைத்திருக்கிறேன், சேர்த்து எழுதிவிடுவேன் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை.

ஜீப் வண்டி நலம். பம்பர் மட்டும் ஒரு பக்கமாகச் சிரிக்கிறது. சீட்டைத் தட்டினால் இன்னும் கரித்தூள் பறக்கிறது. கீழவாஞ்சூர் நிலக்கரித் துறைமுகத்தில் யாரோ ஓட்டிக் கழித்த வண்டி என்பதை அது மறப்பதாக இல்லை.

புதன்கிழமை புயல் கூண்டு ஏற்றினார்கள். கரையில் கிடந்த போட்டையெல்லாம் மேட்டுக்கு இழுக்க டிராக்டர் வந்தது. வடக்கிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்தார்கள். ராஜா மாமாவின் ஃபைபர் போட்டு தெற்குக் கடைசியில், அலைக்குப் பக்கத்தில் கிடந்தது. வருஷா வருஷம் அதை நீங்கள்தானே நம் வண்டியில் கயிறு கட்டி இழுப்பீர்கள், அதனால் டிராக்டர்காரர் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மாமா நம் வாசலுக்கு வந்தார். வண்டியைப் பார்த்தார், தன் அக்காவின் கையைப் பார்த்தார், திரும்பி நடந்தார்.

நான் சாவியை எடுத்தேன். பொட்டப்புள்ள கடக்கரையில வண்டிய எறக்குனா நாலு பேரு என்னடி சொல்லுவாங்க என்றாள் அம்மா. நாலு பேரு சொல்றது இருக்கட்டும், நாலு சக்கரம் என்ன சொல்லுதுன்னு மொதல்ல பாப்போம் என்றேன். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் வந்து ஏறி உட்கார்ந்தாள். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் வண்டியில் ஏறியது அதுதான் முதல் தடவை. வழி முழுக்க வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

லைசென்ஸ் வாங்கியிருக்கிறேனே தவிர, டிரைவிங் ஸ்கூலின் குட்டிக் காரை ரோட்டில் ஓட்டியவள்தான் நான். மணலில் நீங்கள் என்னை ஸ்டியரிங் தொட விட்டதில்லை. ஃபோர் வீல் எப்படிப் போடுவது என்று யூடியூபில் பார்த்துக்கொண்டு போனேன். அதில் ஒருவர் ஒரு பொத்தானைத் திருகுகிறார், வண்டி மலையே ஏறுகிறது. நம் வண்டியில் பொத்தான் இல்லை. கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிக் குச்சியைத் தள்ளினேன். தள்ளிவிட்டு, இனி நாலு சக்கரமும் இழுக்கும் என்று தைரியமாக மணலில் இறக்கினேன்.

போட்டுக்குப் பத்தடி முன்னால் வண்டி உட்கார்ந்துவிட்டது. மிதிக்க மிதிக்கப் பின் சக்கரம் மட்டும் சுற்றிக் குழி தோண்டியது. முன் சக்கரம் வேடிக்கை பார்த்தது. மாமா ஓடி வந்து, காத்தக் கொறச்சு வுடு பாரதி என்றார். நாலு டயரிலும் காற்றைக் குறைத்தோம். அப்போதும் முன் சக்கரம் அசையவில்லை. அலை போட்டின் பின்பக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் போனது. ஒரு பெரிய அலை வந்து போட்டை லேசாகத் தூக்கி வைத்தது. மாமா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக இழுக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு லோகாம்பாள் அத்தை வாயைத் திறந்தது. எறங்குடி, உங்கப்பன் மணலு தொடங்குற எடத்துலயே எறங்கி, முன் சக்கரத்துக்கிட்டக் குந்தி ஒரு வாய் ஊத்திக்கும், அப்பறம் ஏறுனா வண்டி பறக்கும், நீயும் ஊத்திக்கிட்டு ஏறு, வண்டிக்கு அதானே பழக்கம் என்றது. கரையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. பாட்டில் இருந்தால் எடுத்துக் கடலில் எறிந்துவிட்டு வருவோம் என்று இறங்கினேன். நான் உங்கள் குவார்ட்டர் பாட்டிலில் ரசம் ஊற்றி வைத்தேனே, நீங்களும் குடித்துவிட்டுப் புளி தூக்கல் என்று சிரித்தீர்களே, அதற்குப் பிறகு நீங்கள் ஒளிக்கும் இடத்தைச் சக்கரத்துப் பக்கம் மாற்றிவிட்டதாகத்தான் நானும் அம்மாவும் நினைத்தோம். மணல் தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்துவீர்கள். சக்கரத்தப் பூட்டிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டு இறங்குவீர்கள். இந்தப் பக்கம் குனிவீர்கள், அந்தப் பக்கம் போய்க் குனிவீர்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சக்கரத்தை யாராவது பூட்டுவார்களா, கதவைப் பூட்டலாம், வாயைப் பூட்டலாம் என்று நான் பின்னால் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். ஈர மணல்தான் இருந்தது. எழுந்திருக்கச் சக்கரத்தின் நடுவில் கையை ஊன்றினேன். உள்ளங்கைக்குக் கீழே வட்டமாக ஒரு திருகு. சுற்றி எல்லாம் உப்பில் துருவேறிக் கிடக்க, அது மட்டும் பிடித்துப் பிடித்து வழவழ என்று இருந்தது. துப்பட்டாவால் துடைத்தேன். ஒரு பக்கம் லாக், ஒரு பக்கம் ஃப்ரீ என்று எழுதியிருந்தது. நீங்கள் அங்கே லாக்கில் இருக்கிறீர்கள், சக்கரம் இங்கே ஃப்ரீயில் இருந்தது. திருப்பினேன். உள்ளே டக்கென்று ஏதோ விழுந்தது.

அம்மா இறங்கி வந்தாள். திருகைப் பார்த்தாள். அந்தப் பக்கம் போனாள். நான் போய்ப் பார்த்தபோது மறுபக்கச் சக்கரத்தின் முன்னால் குந்தியிருந்தாள். கட்டுப் பிரித்த கையாலும் பிடித்து, மடங்காத இரண்டு விரலும் தனியாக நீட்டிக்கொண்டிருக்க, பல்லைக் கடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். விடும்மா, நான் பண்றேன் என்றேன். அவள் விடவில்லை. டக்கென்று விழுந்த பிறகுதான் எழுந்தாள். சக்கரத்தத்தான் பூட்டிருக்கு அந்த மனுஷன் என்றாள். என்னிடம் சொன்னாளா, சக்கரத்திடம் சொன்னாளா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாலும் இழுத்தன. குச்சியைத் தள்ளினால் மட்டும் போதாது, அந்தத் திருகையும் பூட்டினால்தான் முன் சக்கரம் இழுக்கும் போலிருக்கிறது. வண்டி குழியிலிருந்து ஏறியது, மாமா கயிற்றைக் கட்டினார், போட்டும் பின்னாலேயே வந்தது. கை தட்டினார்கள். லோகாம்பாள் அத்தைகூட, காத்தமுத்து மவ காத்தமுத்து மவதான் என்றது. மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துப் பார்த்தேன், அதே மாதிரிதான் இருந்தது.

திரும்பி வரும்போது இன்னொன்றும் தெரிந்தது. ரோட்டில் ஏறிக் கோயில் பக்கம் ஒடிக்கும்போது ஸ்டியரிங் என் கையைப் பிடித்து இழுத்தது, டயர் அலறியது. வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டது என்றாள் அம்மா. நல்ல ரோட்டில் நாலையும் பூட்டி வைத்தால் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொள்ளுமாம், பிறகு படித்தேன். இறங்கித் திருகினால் பூட்டும் விடவில்லை. வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்த பிறகுதான் விட்டது. இதையெல்லாம் உங்களிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். சொன்னபோது நம்பவில்லை என்பதுதான் விஷயம்.

பூட்டும்போது ஒரு வாய் ஊற்றவும் செய்தீர்களா என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்து வண்டி முழுக்கத் தேடினேன். பாட்டில் கிடைக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் உங்களைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று அம்மா சார்பிலும் எழுதிக்கொள்கிறேன். மற்ற விஷயங்களில் இல்லை. அம்மாவின் விரல் இன்னும் மடங்கவில்லை.

இனி சாவி. நீங்கள் வாருங்கள். சாவி ஆணியில் இருக்காது, தேட வேண்டாம், என் பையில் இருக்கும். வண்டியை நான் ஓட்டுவேன். அம்மா நடுவில், நீங்கள் ஓரத்தில். எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. நீங்கள் பேசும்போதெல்லாம் கிட்டே வந்து நிற்பேன். பாசம் என்று நினைத்து ஏமாற வேண்டாம், முகர்ந்து பார்க்கத்தான்.

ஆனால் மணல் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்துவேன். அங்கே நீங்கள்தான் இறங்க வேண்டும். சக்கரத்தப் பூட்டிட்டு வர்றேன் என்று எப்போதும்போல் சொல்லிவிட்டு இறங்குங்கள். நான் இறங்கி வர மாட்டேன். எட்டிப் பார்க்க மாட்டேன். கண்ணாடியிலும் பார்க்க மாட்டேன். கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா முகத்தைத் திருப்ப மாட்டாள் என்று மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி அம்மா சொன்னாள். இல்லை, அவள் சொல்லவில்லை, நானே எழுதினேன். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், இந்த வரியைப் படித்தாள், அடிக்கச் சொல்லவில்லை.

இரண்டு பக்கமும் பூட்டிவிட்டு மட்டும் வாருங்கள், அப்பா.

சாவியோடு,
பாரதிப்ரியா