ஏழு நாள் லிங்க்

இன்று காலை என் போனுக்கு ஒரு லிங்க் வந்தது. போன வாரம் கொடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு. தொட்டதும் திறந்துகொண்டது. நீ யார், பிறந்த வருடம் என்ன என்று ஒரு கேள்வி இல்லை. அடியில் பொடி எழுத்தில், ஏழு நாட்களுக்குச் செயல்படும் என்று போட்டிருந்தது. "ஏழு நாளா? எந்த மடையன் வெச்சான் இத?" என்று நான் கத்திய கத்தலில், அடுக்களையில் நின்ற என் வீட்டுக்காரர் எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று பயந்து ஓடிவந்தார். சர்க்கரை ஒழுங்காகத்தான் இருக்கிறது. உன் ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். இதே ஏழு நாளை ஒருகாலத்தில் வைத்த மடச்சி நான்தான் என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கடைசிவரை நீ அதை யாரிடமும் சொல்லவில்லை.

மார்த்தாண்டத்தில் நீ வேலைபார்த்த ஸ்கேன் சென்டரின் முன்மேசை எனக்கு இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் பழுப்பு நிறக் கவர்கள், இன்னொரு பக்கம் ஓயாமல் அடிக்கும் போன், நடுவில் நீ. நாகர்கோவிலில் நாலு பேர் வேலைசெய்த எங்கள் சின்னக் கம்பெனியிலிருந்து அந்த சென்டருக்கு ரிப்போர்ட் எழுதும் மென்பொருள் செய்துகொடுக்க வந்தவள் நான். நம் ஊரில் வீட்டுக்கு ஒருவன் வளைகுடாவில் இருக்கிறான். அம்மாவின் ஸ்கேன் படத்தை அங்கிருக்கும் மகனுக்குக் காட்டவேண்டுமானால் சிடியில் போட்டு, திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் யாராவது ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். "அது போய்ச் சேரதுக்குள்ள ஒண்ணுகில் நோவு மாறியிருக்கும், இல்லெங்கி ஆளு போயிருக்கும்" என்றாய் நீ. அதற்குத்தான் லிங்க் கொண்டுவந்தோம்.

உனக்கு அதை விளக்கிச் சொன்ன நாள் நன்றாக நினைவிருக்கிறது. படங்களையும் ரிப்போர்ட்டையும் வெளியே வாடகைக்கு எடுத்த சேமிப்பிடத்தில் வைப்போம். கேட்கிறவர்களுக்கு ஒரு நீளமான லிங்க் கொடுப்போம். எந்தக் கோப்பு, எத்தனை மணி வரை என்பதெல்லாம் அந்த லிங்கிலேயே இருக்கும். அதன் வாலில் எங்கள் ரகசியச் சாவியால் போட்ட கையெழுத்து இருக்கும். ஓர் எழுத்தை மாற்றினாலும் திறக்காது. சென்டரின் பின்னறையில், கரண்டு போனால் படுத்துவிடும் கம்ப்யூட்டருக்கு இதில் வேலையே இல்லை. கோப்பு நேராகப் போய்ச் சேரும். வயதானவர்கள் கடவுச்சொல் எதையும் நினைவில் வைக்கவேண்டாம். நான் பெருமையாகச் சொல்லி முடித்தேன். நீ கவரில் பெயர் எழுதிக்கொண்டே கேட்டாய், "அப்போ இது பஸ் ஸ்டாண்டுல வண்டி விடுகதுக்குத் தார டோக்கன் மாதிரியாக்கும். டோக்கன் யாரு கையில இருக்கோ அவன் வண்டிய எடுத்துட்டுப் போவான். அப்படித்தானே?"

அப்படித்தான். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. நான் அரைமணி நேரம் சொன்னதை நீ ஒரு டோக்கனில் முடித்துவிட்டாய்.

முதலில் நான் ஒரு மணிநேரம்தான் வைத்திருந்தேன். புத்தகத்தில் படித்தது அப்படி: எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இரண்டாவது நாளே நீ கூப்பிட்டாய். "ஏட்டி, ஒரு மணிக்கூறு வெச்சா எப்படி? மஸ்கட்டுல உள்ளவன் டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்து, குளிச்சு, போன எடுக்கும்போ உனக்க ஒரு மணிக்கூறு எங்க கிடக்கு?" ஒரு நாளாக்கினேன். வெள்ளிக்கிழமைதான் அவர்களுக்கு லீவு என்று மறுபடியும் போன். மயிலாடியில் எங்கள் தெரு முழுக்கச் சிலைக்குக் கல் கொத்தும் சத்தம். அதற்கு நடுவே வளர்ந்தவள் நான், சாதாரணமாகப் பேசினாலே கத்துவதுபோல இருக்கும். அன்று உண்மையாகவே கத்தினேன். "ஏழு நாள் வெச்சாச்சு. இனி இதுக்கு வேண்டி என்னக் கூப்பிடப்பிடாது." நீ, "ஏழு நாள் கூடுதலாக்கும், பிள்ளே" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். ஒரு மணிநேரத்துக்கும் ஏழு நாளுக்கும் நடுவில் என்ன வேண்டும் என்று உன்னிடம் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நாலு மாதம் ஒரு குழப்பமும் இல்லை. உன் மேசைக்கு போன் வருவது குறைந்தது, டாக்டர்களுக்கு மகிழ்ச்சி, எனக்குத் தலைக்கனம். அப்போதுதான் ஸ்டெல்லா அக்கா வந்தாள்.

தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில், உன் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி. மார்பில் ஒரு கட்டி. அவளிடம் பட்டன் போன்தான் இருந்தது என்பதால் லிங்க் மஸ்கட்டில் இருந்த அவள் புருஷனுக்குப் போனது. அந்த மனிதர் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்துப் பயந்துபோய், கடலுக்கு இந்தப் பக்கம் தன் பெண்சாதிக்குத் துணையாக யாரைப் பிடிப்பது என்று தெரியாமல், அவர்கள் அன்பியத்தின் வாட்ஸப் குழுவில் அந்த லிங்கையே போட்டுவிட்டார். அன்பியம் என்பது முப்பது வீடு சேர்ந்து வாரம் ஒருநாள் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லும் கூட்டம். 'எனக்க வீட்டுக்காரிக்கு வேண்டி எல்லாரும் ஜெபியுங்கோ' என்று மேலே எழுதியிருந்தார். அவ்வளவு அன்போடு செய்த தப்பை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

மறுநாள், புதன்கிழமை காலை, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஒருத்தி அவளிடமே கட்டியின் அளவைச் சொல்லி அழுதிருக்கிறாள். அவள் நேராக உன் மேசைக்கு வந்தாள். சண்டை பிடிக்கவில்லை என்று நீ சொன்னாய். அவள் கேட்டது ஒன்றுதான். "எனக்க மக மங்களூர்ல நர்சிங் படிக்கா. வெள்ளியாழ்ச்சவரை கடைசிப் பரிச்சை. சனியாழ்ச்ச வருவா. அவளுக்கு நான் சொல்லணும். வேற யாரும் சொல்லீரப்பிடாது. உங்களால முடியுமா?"

நீ எனக்கு போன் செய்தபோது உன் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "அந்த லிங்க நிறுத்த முடியுமா?" என்றாய். ஒரு லிங்கை மட்டும் ரத்துசெய்ய வழியில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சாவியை மாற்றலாம், ஆனால் அன்று வெளியே இருக்கும் எல்லாருடைய லிங்கும் அதோடு செத்துப்போகும். திருவனந்தபுரத்தில் ஆபரேஷனுக்குப் படுத்திருக்கும் ஒருவரின் படத்தை அவருடைய டாக்டர் அன்று பார்க்கவேண்டி இருந்தது. கடைசியில் சேமிப்பிடத்தில் ஸ்டெல்லா அக்காவின் கோப்புக்கு மட்டும் வேறு பெயர் வைத்தேன். பத்து நிமிடம். பழைய லிங்க் வெறும் பக்கத்தைக் காட்டியது. "முடிஞ்சு" என்றேன்.

"இறக்கி வெச்சவன் போன்ல உள்ளதோ?" என்று கேட்டாய்.

சேமிப்பிடத்தில் தானாகப் பதிவாகும் கணக்கைத் திறந்து பார்த்தேன். இருபத்தேழு தடவை அந்தக் கோப்பு எடுக்கப்பட்டிருந்தது. யார் எடுத்தார்கள் என்று அதில் இல்லை. லிங்க் யாரையும் பெயர் கேட்பதில்லையே, பிறகு எப்படி இருக்கும். இருபத்தேழு தடவை, யாரென்று தெரியாது என்று சொல்லிவிட்டு அழுகிற நிலையில் உட்கார்ந்திருந்தேன். "உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நீ பஸ் ஏறி வா" என்றாய்.

அன்று சாயங்காலம் அந்த அன்பியம் கூடிய வீட்டு முற்றத்தில் நான் ஓர் ஓரமாக நின்றேன். ஜெபமாலை முடிந்ததும் நீ எழுந்தாய். எல்லாருக்கும் உன்னைத் தெரிந்திருந்தது. பாதிப்பேருக்கு நீதான் ஸ்கேனுக்கு டோக்கன் போட்டவள். "ஸ்டெல்லாக்காக்க ரிப்போர்ட்டு உங்க போனுக்கு வந்தது எங்க தப்பாக்கும். ஏழு நாள் தொறக்கும்படி வெச்சது நான். அக்காக்க மகளுக்கு இன்னும் தெரியாது. அதனால எல்லாரும் அத அழிச்சுத் தரணும், சனியாழ்ச்சவரை யாரும் வாய் தொறக்கப்பிடாது."

வலை பின்னிக்கொண்டிருந்த கையோடு வந்திருந்த ஒரு பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க ஜெபிக்கதுக்குத்தானே பாத்தோம். களவா பண்ணினோம்?"

"களவுன்னு ஆரு மாமா சொன்னா? ஜெபியுங்கோ, நல்லா ஜெபியுங்கோ. ஜெபிக்கதுக்கு ரிப்போர்ட்டு எதுக்கு? மாதாவுக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டு வாசிச்சுக் காட்டினாத்தான் மனசிலாவுமா?"

முதலில் பெரியவர்தான் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராக போனை நீட்டினார்கள். நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கி, குழுவில் இருந்ததையும் இறக்கி வைத்திருந்ததையும் அழித்தேன். பத்தொன்பது போன். இரண்டு தடவை, மூன்று தடவை திறந்தவர்கள் இருந்தார்கள் என்று கணக்குப் போட்டு மனதைத் தேற்றிக்கொண்டேன். கடைசியாக ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். ஸ்டெல்லா அக்காவின் மகளோடு பள்ளியில் ஒன்றாகப் படித்தவள். 'ஒரு காரியம் பேசணும்' என்று மங்களூருக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். 'பரிச்சை முடியட்டும்' என்று பதில் வந்திருந்தது. நீ அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "முடிஞ்ச பிறகும் நீ பேசாண்டாம், மக்கா" என்றாய். அவள் அழுதாள். நீ அவள் போனை வாங்கி என்னிடம் நீட்டினாய்.

திரும்பும் பஸ்ஸில், தப்பை ஏன் உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று கேட்டேன். "நீ எழுந்து நின்னா கையெழுத்து, சாவின்னு வெளக்கம் சொல்லுவ. அவிய உன்ன முழிச்சுப் பாப்பாவ. சவத்த விடு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிப்போனாய். எனக்கு அன்று உன்னைக் கும்பிடவேண்டும்போல இருந்தது. இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கேலி பண்ணியே கொன்றிருப்பாய்.

வியாழன், வெள்ளி, சனி. முப்பது வீடு மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை ஸ்டெல்லா அக்கா சென்டருக்கு வந்து, உன் மேசைக்கு முன்னால் நின்று, "அவ எனக்க வாயில இருந்துதான் கேட்டா" என்று மட்டும் சொன்னாளாம். அதை நீ அன்றே எனக்கு போன் செய்து சொன்னாய். பிறகு மகளே கூட இருந்து ஆபரேஷன் நடந்தது. அக்கா நன்றாக இருக்கிறாள்.

அதற்குப் பிறகு நாம் இரண்டுபேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம். போனுக்குப் போவது வெறும் ஒரு பக்கத்தின் முகவரி. அங்கே பிறந்த வருடமும், நீ கவரில் எழுதிக்கொடுக்கும் நாலு எண்ணும் போட்டால்தான் கையெழுத்திட்ட லிங்க் அந்த நொடியில் உண்டாகும். ஐந்து நிமிடத்தில் சாகும். மஸ்கட்காரன் எந்த நேரம் டூட்டி முடிந்து வந்தாலும் புதிதாக ஒன்று கிடைக்கும். அந்த முகவரியை வேறொருவருக்கு அனுப்பினாலும், எண் தெரியாமல் திறக்காது. ஆனால் பின்னறைக் கம்ப்யூட்டர் எப்போதும் ஓடவேண்டும், கரண்டு போனால் ஆட்கள் கூப்பிடுவார்கள், எண்ணை மறந்தவர்கள் கூப்பிடுவார்கள். உன் மேசை மறுபடியும் அலறும் என்று சொன்னேன். "போன் வரட்டு. எடுக்கதுக்கு நான் இருக்கேன்" என்றாய். எல்லாரும் என் வேலையைப் புகழ்ந்தார்கள். உன் காதில் இருந்த போன்தான் அதை ஓடவைத்தது. அதற்கு நன்றி சொல்ல இவ்வளவு வருடம் எடுத்துக்கொண்டேன், மன்னித்துவிடு.

பிறகு ஸ்டெல்லா அக்காவுக்கு வந்த அதே நோய் உனக்கும் வந்தது. என்னிடம் அதைச் சொல்ல மூன்று பஸ் மாறி மயிலாடிக்கு வந்தாய். கல் கொத்தும் சத்தத்தில் நீ சொன்னது கேட்காமல் இரண்டாம் தடவை சொல்லவைத்தேன். "வேற யாரும் உனக்குச் சொல்லீரப்பிடாதுன்னு வந்தேன்" என்றாய். பிறகு என் கையால் ஒரு சாயா வாங்கிக் குடித்துவிட்டு, வெயில் தாழும் முன்பே கிளம்பிவிட்டாய்.

நீ போன செய்தி மட்டும் எனக்கு ஒரு குழுவில் வந்தது. படத்துக்குக் கீழே பூ வைத்து, யாரோ யாருக்கோ அனுப்பியது எனக்கும் வந்து சேர்ந்தது. படித்தவுடன் எழுந்து சேலையை மாற்றினேன். நாகர்கோவில் வடசேரியில் இறங்கி, மார்த்தாண்டத்தில் பஸ் மாறி, ஸ்டெல்லா அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இப்போது அவளிடமும் பெரிய போன் இருந்தது. ஜன்னல் படியில் சார்ஜில் கிடந்தது, அவள் இன்னும் பார்க்கவில்லை. நான் அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, அவள் கை ஈரத்தோடு என் கையைப் பிடித்துக்கொள்ள, உன் பெயரைச் சொன்னேன்.