கழுவி வைத்த இரண்டு டம்ளர்கள்

நான் வாய் திறக்காமல் இருந்தது போதும். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

கல்லறைத் திருநாளன்று உன் கல்லறையருகே உன் மகள் ஒரு துணிப்பையில் அந்தத் தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். மெழுகுவர்த்திப் புகைக்கு நடுவிலும் அதில் கிரீஸ் வாசனை அடித்தது. சித்தையன்கோட்டையில் உன் தோட்டத்து மோட்டார் அறையின் வாசனை.

"அப்பா பையிலயே கெடந்துச்சு மாமா. உங்களுதுதானே?"

என்னுடையதுதான். பனி தேசத்துக் கொலைக்கதை. நான் படிக்குமுன்பே நீ பிடுங்கிக்கொண்டு போனது.

"அப்பா விழுந்தப்ப ரொம்ப வலிச்சிருக்குமா மாமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. கால் வழுக்குனதுதான். அம்புட்டுத்தான்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். ஜனவரியில் கல்யாணமாம். உன் இடத்தில் உன் தம்பிதான் அவள் கையைப் பிடித்துப் பீடத்துக்கு அழைத்துப் போகிறானாம். "சித்தப்பா இல்லாட்டி நான் என்ன ஆயிருப்பேன்னே தெரியல" என்றாள். நான் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

புத்தகத்தை நான்கு நாளில் முடித்தேன். பின்னட்டைக்குள் உன் சீட்டு இருந்தது. நூறாவது பக்கம் வந்ததும் கொலைகாரன் யாரென்று ஆளுக்கொரு சீட்டு எழுதி வைப்போமே. தோற்றவன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கொத்து பரோட்டா வாங்கித் தரவேண்டும். கணக்கு வாத்தியாரான நீ ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. சரித்திர வாத்தியாரான எனக்கு அதில் அவ்வளவு கர்வம். இந்தச் சீட்டில் 'போலீஸ்காரன்தான்' என்று எழுதியிருக்கிறாய். இதுவும் தப்பு. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நீ மடித்து வைத்த முனை அப்படியே இருக்கிறது.

மிச்சத்தை நான் சொல்கிறேன். உறைந்த ஏரிக்கரை வீட்டில் ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள். மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊர். நானூறு பக்கத்தில் ஒருவர்கூடச் சூடாக ஒரு வேளை சாப்பிடவில்லை. "இந்தக் குளிருல போர்வைய விட்டு எந்திரிக்கவே ஏலாதுலே, இவிங்க எப்படிக் கொலை பண்ணப் போறாய்ங்க?" என்று முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நீ சிரித்தாய். இப்போது படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தனிமை, பேச்சில்லாத சாப்பாட்டு மேசை, பனியில் யாரும் நடக்காத பாதை எல்லாம் முதலில் சலிப்பாகத்தான் இருந்தன. பிறகு பொறாமையாக இருந்தது. அங்கே ஒருத்தி செத்தால் கூட்டம் கூடுவதில்லை. சொந்தத் தகப்பனைக்கூடப் போலீஸ்காரர்கள் வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள். சமையலறையில் ஒரு காப்பிக் கோப்பை மூன்று வாரம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. எடுத்துக் கழுவி வைக்க அந்த ஊரில் ஆள் இல்லை. அந்தக் கோப்பையில் படிந்த உதட்டுத் தடம்தான் கடைசியில் கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கிறது.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடினேன். பிறகு திறக்க முடியவில்லை, மறுநாள்தான் முடித்தேன்.

நீ போன அந்தச் சனிக்கிழமை காலை நான் வரப்பில் வந்துகொண்டிருந்தபோது உன் தம்பி எதிரே ஓடி வந்தான். "சார், அண்ணன் விழுந்து கெடக்கு சார்! நான் இப்பத்தான் வத்தலக்குண்டு சந்தையில இருந்து வாரேன்" என்றான். நீ மோட்டார் அறை வாசலில் குப்புறக் கிடந்தாய். காயம் பின்மண்டையில் இருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன், மூச்சில்லை. உள்ளே தொட்டி விளிம்பில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் இருந்தன. ஒன்று காலி. இன்னொன்றில் பாதி டீ.

நாங்கள் இருவரும் உன்னைத் திருப்பிக் கட்டிலில் போட்டோம். வரப்புப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. "சார், பொம்பளையாளுக வருதுக. ரத்தத்தோட பாக்க வேணாம், கொஞ்சம் கழுவி விட்ருங்க" என்றான் உன் தம்பி. எந்தத் தம்பியும் அதைத்தான் சொல்வான். நான்தான் மோட்டாரைப் போட்டேன். நான்தான் தரையைக் கழுவினேன், விளக்குமாற்றால் ஓரம் வரை தள்ளினேன். பிறகு, ஏனென்று இன்றுவரை தெரியவில்லை, அந்த இரண்டு டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பாதி டீ இருந்த டம்ளர் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூடு இன்னும் என் விரலில் இருக்கிறது.

முப்பது வருடம் கொலைக்கதை படித்தவன் நான்.

போலீஸ் வந்தபோது ஈரத் தரை இருந்தது. "ஈரத்துல வழுக்கியிருக்காரு" என்றார் ஏட்டு. அந்த ஈரம் நான் விட்டது. பிரேதப் பரிசோதனையிலும் விழுந்தால் இப்படி அடிபடலாம் என்றார்கள். விசாரணை அறிக்கைக்குப் பஞ்சாயத்தாராக ஐந்து பேர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். "நீங்க படிச்சவரு, மொதல்ல போடுங்க சார்." போட்டேன். பின்மண்டையில் அடிபட்ட நீ குப்புறக் கிடந்ததையோ டம்ளர்களையோ சொல்லவில்லை. சொல்லியிருந்தால், ஏன் கழுவினாய் என்று கேட்டிருப்பார்கள்.

உன் தம்பிதான் என்று என் மனம் சொல்கிறது. அந்த மனத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. உன் கல்யாணத்தில் முதல் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்த என்னை, "சொந்தக்காரங்க உக்காரட்டும் சார், நீங்க அடுத்த பந்திக்கு வாங்க" என்று எழுப்பிவிட்டவன் அவன். அதை நான் இருபத்தாறு வருடமாக மறக்கவில்லை. "இன்னுமாலே அந்த எலையையே நெனச்சுக்கிட்டிருக்க?" என்று நீகூடக் கேட்பாய். இப்போது நான் பார்ப்பது கொலையையா, அந்த இலையையா? அவன் நிரபராதியாகவும் இருக்கலாம். அதை நிரூபித்திருக்கக் கூடியதும் அந்த டம்ளர்தான்.

சொன்னால் தகப்பனாக அவளுக்கு மிஞ்சியிருக்கிற ஒருவனைப் பறிக்கிறேன். சொல்லாவிட்டால் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம் என்று தெரியாமலே அவள் நடப்பாள். இரண்டில் எது நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று முழுக்க யோசித்தும் தெரியவில்லை. அவளிடம் நான் சொன்ன பொய் மட்டும் பொய் என்று தெரிகிறது.

உனக்கு எழுதிய இதையே உறையில் போட்டு, அவள் தங்கியிருக்கும் விடுதியின் முகவரியை எழுதிவிட்டேன். அவளுக்கு என் கையெழுத்து தெரியும். டம்ளரைக் கழுவியவன் யாரென்று கண்டுபிடிக்க அரைப் பக்கம்கூடத் தேவைப்படாது. இருந்தும் கடைசியில் என் பெயரை எழுதப் போனபோது பேனா நகரவில்லை. நாளைக்கு அவள் சித்தப்பன் வந்து கேட்டால், நான் எழுதவில்லை என்று சொல்ல ஒரு வழி எனக்கு வேண்டியிருக்கிறது. நீ என்ன நினைத்தாலும் சரி. பெயர் போடாமல்தான் தபாலில் சேர்க்கப் போகிறேன்.