நாற்பத்தாறு கிலோ மணல்

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னை எடை மெஷினில் ஏறச் சொன்னாள். ஏறினேன். "நாப்பத்தாறும்மா. போன தடவைக்கு ரெண்டு கிலோ கொறஞ்சிருக்கு. ஒழுங்காச் சாப்பிடுதீங்களா?" என்று கேட்டாள். சர்க்கரை வியாதிக்காரி சாப்பிடுகிற லட்சணத்தை அவளிடம் என்னவென்று சொல்ல? எனக்கு அந்த எண் மட்டும்தான் காதில் நின்றது. நீங்கள் கண்ணை மூடி ஐந்து வருஷம் ஆகிறது. இன்னமும் ஏதாவது ஒன்று நடந்தால் முதலில் உங்களிடம் சொல்லத்தான் வாய் வருகிறது.

எண்பதுகளில், கல்யாணமான புதிதில், என் எடை இதேதான். ராஜபாளையம் ஸ்டேஷனுக்கு யாரையோ ரயிலேற்றப் போயிருந்தபோது, காசு போட்டால் அட்டை தள்ளுகிற மெஷினில் என்னை ஏற்றிவிட்டீர்கள். அட்டையில் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். ஜோசியம் எனக்கு மறந்துவிட்டது. அட்டையை நீங்கள் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டதை நான் கவனிக்கவே இல்லை.

அப்போது நம்மிடம் அந்தப் பெரிய மோட்டார் சைக்கிள் இருந்தது. எனக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்துவிட்ட மூத்தாள். கண்மாய்க்கரை வளைவில் அதைத் திருப்ப நீங்கள் தோள் கொடுத்துத் தள்ளுவது பின்னால் இருக்கிற எனக்கே தெரியும். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "எருமைகூட ஹைன்னா திரும்பிரும். உங்க வண்டி ரோசனை பண்ணிட்டுல்லா திரும்புது" என்றேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று முழுக்கச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மில்லில் ஃபிட்டர் வேலை உங்களுக்கு. விடிந்தால் அடைந்தால் சுற்றுகிற இரும்போடுதான் பிழைப்பு. "சும்மா கெடக்குற கனம் வேற, சுத்துற கனம் வேறட்டி. விளிம்புல இருக்க இரும்புதான் வண்டியத் திரும்ப விடாமப் புடிக்கி" என்றீர்கள். மதுரைக்குப் போய் இரண்டு அலுமினிய ரிம் வாங்கி வந்தீர்கள். வாசலில் இரண்டு முக்காலி போட்டு, கம்பி கம்பியாகக் கோத்து, சாக்பீஸை ஓரத்தில் பிடித்துக் கோட்டம் பார்த்துப் பார்த்து எடுத்தீர்கள். தெருவில் போன எல்லோரும் ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாட்டுவதற்கு முன்னால் என்னை அழைத்துப் பழைய சக்கரத்தின் அச்சை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லி, வேகமாகச் சுழற்றிவிட்டீர்கள். "இப்ப ஒரு பக்கமாச் சாயி பாப்போம்." சாய்த்தால் சக்கரம் என்னோடு மல்லுக்கட்டியது. புதுச் சக்கரத்தைக் கொடுத்தீர்கள். அது சொன்ன பேச்சைக் கேட்டது. நான் சிரித்துவிட்டேன். அடுக்களையில் உப்பு புளி தவிர எதிலும் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டிராத காலம் அது. முதல் ஓட்டம் முடிந்து இறங்கியதும், "நீ சொல்லு, பின்னால எப்பிடி இருக்கு?" என்று என் முகத்தையே பார்த்தீர்களே, அந்தக் கேள்விக்காகவே உங்களை எனக்குப் பிடித்துப்போனது. குழியில் விழுந்தால் முதுகு நோகவில்லை என்றேன். வளைவில் நீங்கள் நினைப்பதற்குள் வண்டி திரும்பிவிடுகிறது என்றேன். நீங்கள் அதை ஒரு பெரிய இன்ஜினியர் சொன்ன மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள்.

ஆனி பிறந்து மேல்காற்று கிளம்பியது. மலையிலிருந்து இறங்கி ரோட்டுக்குக் குறுக்கே அடிக்கிற காற்று. "காத்து தள்ளும்போது பயந்து வெறைச்சு உக்காராத. மலைப்பக்கமாச் சாயி. நான் சாயிற அளவுக்கு நீயும் சாயி" என்றீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்குப் போகும்போது அது சுலபம். ஒருச்சாய்த்து உட்கார்ந்தால் மலை என் முகத்துக்கு நேராக இருக்கும். முன்னால் குனிந்தால் போதும். திரும்பி ராஜபாளையம் வரும்போது மலை முதுகுக்குப் பின்னால் போய்விடும். பிடிமானமே இல்லாமல் மல்லாக்கச் சாய வேண்டும். நான் சாயவில்லை. உங்கள் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். "கள்ளாட்டம் ஆடுத" என்பீர்கள்.

ஆடி வந்தது. தலை ஆடிக்கு அப்பா வந்து முறைப்படி என்னை அழைத்துப் போய்விட்டார். அந்த மாதம் முடிகிற வரை நான் ஸ்ரீவில்லிபுத்தூரில், நீங்கள் ராஜபாளையத்தில். மாப்பிள்ளை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. நீங்களோ முதல் ஞாயிற்றுக்கிழமையே, சீர்ப் பலகாரம் வந்த தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் வந்து நின்றீர்கள். முழங்கை தோல் உரிந்திருந்தது. சட்டையெல்லாம் புழுதி. காற்று ஒரு தள்ளுத் தள்ளியதில் வண்டி ரோட்டை விட்டு இறங்கிவிட்டதாம். எதிரே லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"அந்தப் பழைய சக்கரத்தையே மாட்டுங்க. இல்லைன்னா ஆடி முடியிற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க" என்று அழுதுகொண்டே சத்தம் போட்டேன்.

"சக்கரத்துல ஒரு கொறையும் இல்ல. இம்புட்டு நாளும் நீ பின்னால இருந்த, அதான் தெரியல. நீ இல்லாததுதான் கொறை" என்றீர்கள். பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அடுத்த வாரம் பின் சீட்டில் ஒரு சாக்கு மூட்டையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். பலசரக்குக் கடைக்காரரான என் அப்பா எதையும் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். மூட்டையைச் செத்த நேரம் அசைத்துப் பார்த்துவிட்டு, "ஆத்து மணலு மாதிரி இருக்கு. நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு கிலோ வரும். எதுக்கு மாப்ள?" என்றார். நீங்கள் பர்ஸிலிருந்து அந்த ஸ்டேஷன் அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தீர்கள். அப்பா அட்டையைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். எனக்கு வெட்கத்தில் எங்கே போய் ஒளிவதென்று தெரியவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு மறுபடியும் மூட்டையோடு வந்தீர்கள். இந்தத் தடவை முட்டியிலும் சிராய்ப்பு. அப்பா வாசலிலேயே நின்று கேட்டார்: "மணலு வச்சுமா விழுந்தீக?"

"மணலு கனம் குடுக்கு மாமா. ஆனா சாய மாட்டேங்கு."

அப்பா மூட்டையின் கயிற்றை அவிழ்த்தார். தானே இறக்கி வாசலோரம் வைத்தார். "இது இங்க கெடக்கட்டும். புள்ளையக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அம்மா பதறினாள். "ஆடியில அனுப்புனா ஊரு என்ன சொல்லும்?" அப்பா, "ஊரு வந்து பின்னால உக்காருமா?" என்று கேட்டார். அந்த மணலை அம்மா பிறகு தண்ணீர்ப் பானைக்கு அடியில் பரப்பிவிட்டாள். அவள் இருந்தவரை அந்த வீட்டில் ஒவ்வொரு வாய் தண்ணீர் குடிக்கும்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

அன்று ஊர் எல்லை தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. வண்டி நடுங்கியது. உங்கள் முதுகு மெல்ல மலைப்பக்கம் சாய்ந்தது. நான் சட்டையை விட்டேன். கண்ணைத் திறந்துகொண்டு, எதையும் பிடிக்காமல், மல்லாக்கச் சாய்ந்தேன். விழவில்லை. காற்று முட்டுக் கொடுத்தது. வண்டி நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. அன்றைக்குத்தான் நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூறுகளில் பிள்ளைகள் வளர்ந்து நாலு பேர் ஒரு வண்டியில் போக முடியாமல் ஆனபோது அதை விற்றோம். வாங்க வந்த ஆளிடம், "காத்துக் காலத்துல தனியா ஓட்டாதீங்க, வீட்டம்மாவையும் ஏத்திக்கோங்க" என்று நீங்கள் சொன்னதும், அவர் விழித்ததும் நினைவிருக்கிறதா? நினைவிருக்கிறதா என்று யாரைக் கேட்கிறேன்.

உங்கள் பர்ஸ் பீரோவில்தான் இருக்கிறது. அட்டையில் எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. ஆனால் எடை திரும்பி வந்துவிட்டது, பார்த்தீர்களா? அதே நாற்பத்தாறு. இதை வைத்துக்கொண்டு நான் இனி யார் வண்டியை நேராக்குவது?

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில்தான் திரும்பினேன். ஆடிக் காற்று. புழுதிக்குப் பயந்து மலைப்பக்கத்து ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். நீங்கள் முதல் தடவை விழுந்த அந்த இடம் வந்ததும், நான் நினைக்காமலேயே என் உடம்பு மலைப்பக்கம் சாய்ந்தது. அடுத்திருந்த பெண்ணின் தோளில் தலை முட்டியது. நல்ல பெண். "தூக்கமாக்கா? சும்மா சாஞ்சுக்கோங்க" என்றாள்.

"தூக்கம் இல்லம்மா, காத்து" என்றேன்.

அவள் சாத்தியிருந்த ஜன்னல்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்த இடம் தாண்டுகிற வரை நான் நிமிரவில்லை.