முப்பது வீட்டு விதை

உன் போர்வை நேற்று வந்து சேர்ந்தது. தபால்காரர் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்ததும் கூடம் முழுவதும் விறகுப் புகை வாசனை. மருமகள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "ஒரே புகை நாத்தம்மா. மெஷின்ல போட்டுடட்டுமா?" என்றாள். தொடாதே என்றேன். சாம்பிராணிப் புகைக்கே ஜன்னலைத் திறக்கச் சொல்லும் மாமியார் இப்படிச் சொன்னது அவளுக்கு வியப்பாக இருந்திருக்கும். 

போர்வைக்குள் ஒரு கடிதம் இருந்தது. கடைசி மூன்று வருடம் உன்னோடு அந்தத் தீவில் இருந்த, உன் சபையைச் சேர்ந்த இளம் கன்னியாஸ்திரி எழுதியது. மன்னார்புரத்துப் பெண், கையெழுத்து பழுதில்லை. உன் அடக்கத்துக்கு மலைக் கிராமம் முழுவதும் வந்ததாம். எல்லாம் முடிந்த பிறகு பள்ளிக்கூட முற்றத்தில் உட்கார்ந்து, அக்னெஸ் வீட்டு விதையை நீ கெடுத்துவிட்டு வீடு வீடாகப் போய் நின்ற கதையைச் சொல்லிச் சிரித்தார்களாம், பிறகு அழுதார்களாம்.

அந்த வரியை மூன்று முறை படித்தேன். விதையைக் கெடுத்தது நீ அல்ல, நான். அது நம் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்றுதான் ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் இறந்த மறு வருடம் நீ இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவிலிருந்து கூப்பிட்டாய். "ஸ்ரீரங்கத்து மகாராணி என்ன பண்றீங்க? பீரோவைத் துடைச்சிட்டு உக்காந்திருப்பே. இங்க வந்து ரெண்டு மாசம் இருடி." வையம்பட்டியிலிருந்து ஹாஸ்டலுக்கு வந்த நீயும் நானும் கான்வென்ட்டில் ஏழு வருடம் ஒரே பெஞ்சு. தையல் வகுப்பில் என் துணியைத் தூக்கிக் காட்டி மற்றவர்களைப் பார்க்கச் சொல்வார்கள். உன் துணியை யாரும் பார்க்காதபடி மதர் மடித்து வைத்துவிடுவார். அப்படிப்பட்டவள் ஒரு பள்ளிக்கூடத்தையும் மருந்தறையையும் எப்படி நடத்துகிறாள் என்று பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டேன்.

விமானம், படகு, மரப்பலகை அடித்த லாரி, கடைசி ஒரு மணி நேரம் நடை. உன் அறை சின்னது என்பதால் அக்னெஸ் வீட்டில் எனக்கு இடம் பார்த்திருந்தாய். அவளும் விதவை, மகன் மலேசியத் தோட்டத்தில், மகள் கடற்கரைக் கிராமத்தில். அந்த மலையில் காசு என்பது ஆண்டுக்கு ஒரு முறை, முந்திரிக்கொட்டை விற்கும்போது மட்டும் வந்து போகும் விருந்தாளி. மீதி நாளெல்லாம் மக்காச்சோளம்தான் சாப்பாடு, அதுதான் செலாவணியும். சனிக்கிழமைச் சந்தையில் கடற்கரைப் பெண்கள் உப்பையும் கருவாட்டையும் பரப்புவார்கள். மலைப் பெண்கள் சோளக் கதிரை எதிரே வைப்பார்கள். நான் ஒரு சிரட்டை உப்புக்குப் பர்ஸைத் திறந்ததும் அந்த உப்புக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உன் நோட்டை வச்சு அவ என்ன பண்ணுவா? வீட்டுல புள்ளைங்களுக்குச் சோளம் வேணும் அவளுக்கு" என்று சொல்லிவிட்டு, உன் பையிலிருந்து நான்கு கதிர்களை எடுத்து வைத்தாய். பை கிழிந்திருந்தது. அதையும் கவனித்தேன்.

மூன்றாவது வாரம் அக்னெஸ் மகளின் பிரசவத்துக்காகக் கடற்கரைக்கு இறங்கினாள். மறுநாள் நீயும் மருந்து வாங்க நகரத்துக்குப் போனாய். கிளம்பும்போது அக்னெஸ் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். "அடுப்பு அணையக் கூடாதாம். சொல்லிட்டேன், மறந்துடாதே" என்றாய். தீப்பெட்டிக்குப் பஞ்சம் என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன். ஆள் இல்லாத அடுப்பில் நெருப்பை விட்டு வைப்பது பொறுப்பில்லாத்தனம் என்று வளர்ந்தவள் நான். சமையல் முடிந்ததும் தினமும் தண்ணீர் தெளித்து அணைத்தேன். அடுப்புக்கு மேலே பரணிலிருந்து தோகையோடு தொங்கிய கதிர்க் கட்டுகளில் கரி அப்பியிருந்தது. ஸ்டூலில் ஏறி எல்லாவற்றையும் இறக்கினேன். தோகையை உரித்து, ஈரத் துணியால் ஒவ்வொரு கதிராகத் துடைத்து, அளவு பார்த்து வரிசையாகத் தகரப் பெட்டியில் அடுக்கி மூடினேன். அவள் வந்து பார்த்தால் மகிழ்ந்து போவாள் என்று நம்பினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து நீ முதலில் வந்தாய். உள்ளே வந்து பரணைப் பார்த்ததும் உன் முகம் மாறியது. பெட்டியைத் திறந்து காட்டினேன். பச்சையாகப் பூஞ்சை பூத்து, பாதிக் கதிர் சூடாகி முளை விட்டிருந்தது.

"என்னடி பண்ணியிருக்கே?"

"சுத்தம் பண்ணியிருக்கேன். ஒரே கரி."

"அந்தக் கரிதாண்டி அதைக் காப்பாத்துது. புகை பட்டா வண்டு வராது. இது விதை. அடுத்த மழைக்கு விதைக்க வேண்டிய விதை."

"டவுன்ல வாங்கிக் குடுத்துடறேன். எவ்வளவு ஆனாலும்."

"கடை விதை இந்தச் சரிவுல காத்துக்கு நிக்காது. மழைக்கு ரெண்டு வாரம்கூட இல்ல. விதைக்கலேன்னா அவளுக்கு ஒரு வருஷச் சாப்பாடு கிடையாது, தெரியுதா?"

அவள் வருவதற்கு முன் எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தாய். "மாஃப். மன்னிச்சிடுன்னு அர்த்தம். நம்ம ஊரு பாய் கடையிலகூடக் கேட்டிருப்பே. அதை மட்டும் நீ சொல்லு, மீதியை நான் பாத்துக்கறேன்."

அக்னெஸ் வந்து பெட்டி முன் குனிந்து உட்கார்ந்தபோது என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அறுபத்தைந்து வயதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கும்படி நடந்துகொண்டதில்லை என்பதுதான் என் பெருமையாக இருந்தது. நிமிர்ந்து நின்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய், பிறகு அவளிடம் பேசினாய். வெளியே வந்ததும், "என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"அடுப்பு விஷயத்தை உன்கிட்டச் சரியாச் சொல்லலேன்னு சொன்னேன். நானேதான் இறக்கி வச்சேன்னும் சொல்லிட்டேன். வீட்டுக்காரியைத் தவிர யாரும் விதையைத் தொடக் கூடாது இங்க."

"பொய்யா சொன்னே?"

"சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கறேன். அது என் பாடு."

விதை இழந்தவர்களுக்கு அங்கே ஒரு வழி உண்டு. கெடுத்தவர் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்து, எப்படிக் கெட்டது என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரி பரணேறி ஒரு கட்டு விதைக் கதிர் எடுத்துக் கொடுப்பாள். இல்லையென்று சொல்ல மாட்டாள். முழங்கால் வீங்கிய நீ நான்கு நாளில் முப்பது வீடு ஏறி இறங்கினாய். கூடையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் நீ சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்கள், உன் தோளைத் தட்டினார்கள். பாஷை புரியாவிட்டாலும் அந்தக் கதை எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. முப்பது வாசலிலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. ஊர் திரும்பிய பிறகும் போனில் அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

இன்று காலை கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். அக்னெஸை அழைத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வரும்படி அந்தப் பெண்ணிடம் கேட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். அக்னெஸ் லைனில் இருக்கிறாள் என்றதும் மாஃப் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். பிறகு நடந்ததை எல்லாம் தமிழில் சொல்லி, ஒன்றையும் விடாமல் அவர்கள் பாஷையில் சொல்லும்படி அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொண்டேன். அங்கே நெடுநேரம் பேச்சு நடந்தது. இடையில் யாரோ சிரித்தது கேட்டது.

"அம்மா, அவங்களுக்கு அன்னிக்கே தெரியுமாம். சிஸ்டருக்குத் தன் துணியையே மடிக்கத் தெரியாது, கதிரை அப்படி வரிசையா அடுக்குவாங்களான்னு கேக்கறாங்க."

"சரிம்மா. மத்தவாளுக்கு அது தெரியாதே. எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடச் சொல்லு. போனவ பேர்ல தப்பு நிக்கக் கூடாது."

மறுபடி பேச்சு. இந்த முறை சிரிப்பு இல்லை.

"வேண்டாங்கறாங்கம்மா. சிஸ்டர் வந்த நாள்லேருந்து குடுத்துக்கிட்டேதான் இருந்தாங்களாம். மருந்து, படிப்பு, எல்லாம். யார்கிட்டயும் எதுவும் வாங்கிக்கல. அதனால அவங்க வெளி ஆளாவே இருந்தாங்களாம். அந்த ஒரு தடவைதான் வாசல்ல வந்து கேட்டாங்க. அன்னியிலேருந்துதான் எங்க ஊர்க்காரி. அதைத் திருப்பி எடுத்துக்காதீங்கன்னு சொல்றாங்க."

போனை வைத்தேன். தவறு என்றால் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும் என்றுதான் நமக்குக் கற்றுக் கொடுத்தார்கள். நானும் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன். இதற்கு மட்டும் கோடு போட எனக்கு அனுமதி இல்லை. நான் செய்ததை வைத்து அவர்கள் உன்னைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக்கிக்கொண்டார்கள். நானோ முப்பது வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு விருந்தாளியாகவே திரும்பி வந்தேன்.

ஆகவே அங்கே அது உன் பேரிலேயே இருக்கட்டும். அவர்கள் சிரிக்கட்டும். விதையைக் கெடுத்தவள் நான் என்பது இந்தத் தாளில் மட்டும் இருக்கும்; எழுதி முடித்த பிறகும் அதைச் சுமக்க வேண்டியவள் நான்தான். அதையாவது நீ என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாது.