பட்டியலில் விட்ட பெயர்

என்னங்க,

இந்தக் கடிதத்தை உங்கள் அலுவலகத்துக்கே அனுப்புகிறேன். குமாஸ்தா பிரித்துப் படித்து, முத்திரை குத்தித்தான் உங்கள் மேசையில் வைப்பார். படிக்கட்டும். கல்வி அதிகாரியின் மனைவி என்ன எழுதுகிறாள் என்று அவருக்கும் தெரியட்டும்.

எங்கள் ஆசிரியர் வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள், போராட்டப் பந்தலில் உட்கார்ந்துவிட்டு வந்த என் காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தீர்கள். “இன்னிக்கு யார் யாரு பேசினாங்க?” என்று கேட்டீர்கள். கணவர் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். கணக்கு டீச்சர் உங்களைத் திட்டியதை நடித்தே காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். ஏழு பேரைச் சொன்னேன். எட்டாவதாக நான் பேசியதையும் சொன்னேன்.

மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் சஸ்பெண்டு உத்தரவு. நான் சொன்ன அதே வரிசையில் ஏழு பெயர்கள். என் பெயர் மட்டும் இல்லை.

பந்தலில் நான் போய் உட்கார்ந்ததும் கணக்கு டீச்சர் எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தார். “வீட்டுக்காரர் நல்லா இருக்காரா?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

என்னைக் காப்பாற்றியதாக நினைப்போ? என் முகத்தில் கரியைப் பூசியிருக்கிறீர்கள்.

நானும்தான் பேசினேன். இதையே வாக்குமூலமாக வைத்துக்கொண்டு எட்டாவது உத்தரவில் கையெழுத்துப் போடுங்கள். அதுவரை வீட்டில் என்னிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம். கேட்டே ஆக வேண்டுமென்றால், குறை சொல்ல வரும் ஆசிரியர்களிடம் நீங்கள் சொல்வதைத்தான் நானும் சொல்வேன்: “எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா குடுங்க.”

இப்படிக்கு,
எட்டாவது ஆள்